எறும்பைச் சாட்சிக்கு அழைத்தவர்

வெள்ளிக்கிழமைப் பூசையில் மணி அடிக்கும்போது மழையும் தொடங்கினால், இராசநாயகம் அண்ணை கும்பிட்ட கையை இறக்கிவிட்டு மெல்ல வெளியே போய்விடுவார். எங்கள் கோயில் ஒருகாலம் தளபாடம் செய்யும் பட்டறையாக இருந்த கட்டடம். வாசலுக்கு மேலே கூரை கிடையாது. சப்பாத்துகள் எல்லாம் வெட்டவெளியில் கிடக்கும். ஓக்லாந்து மழை சொல்லிக்கொண்டு வருகிற மழையும் அல்ல. அவர் குனிந்து, யாருடையது என்று பாராமல் சோடி சோடியாகத் தூக்கி உள்ளே சுவரோரம் அடுக்குவார். நனைந்தவற்றுக்குள் பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டித் திணிப்பார். தீபாராதனைக்கு முன் திரும்பிவந்து தன்னுடைய இடத்தில் நின்றுவிடுவார். ஒருமுறை, நான் வேலைக்குப் போடும் கறுப்புச் சப்பாத்தின் அடி வாய் பிளந்து கிடந்தது. அன்னதானம் முடிந்து வெளியே வந்து பார்த்தால் அந்த வாய் ஒட்டியிருந்தது. பசை காயும்வரை விலகாதிருக்க ஒரு ரப்பர் பட்டியும் போட்டிருந்தது. யார் செய்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அன்று சோற்றுத் தட்டை வாங்க நீட்டிய அவருடைய விரல் நுனியில் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்ததை நான் கண்டேன்.

இதை முதலில் சொல்லிவிட்டேன். முருகனுக்குப் பொதுவாக நடக்க வேண்டும் அல்லவா? இனிச் சொல்லப்போவதில் அவருக்குச் சாதகமாக அதிகம் இல்லை.

வயது அறுபத்தாறு. ஹென்டர்சனில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினார். நெடிய மனிதர், அந்த வண்டியிலேயே குனிந்து குனிந்து முதுகு கேள்விக்குறி போல வளைந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து, நூலால் கட்டியிருக்கிறார். கக்கத்தில் எப்போதும் நீல நிற ஃபைல் ஒன்று இருக்கும். ஓய்வு பெற்ற மனிதர்கள் தோட்டம் செய்வார்கள், பந்தயக் குதிரை பார்ப்பார்கள். இவர் எகிப்துக்குப் போய்விட்டார். விமானத்தில் அல்ல. நூலகத்திலிருந்து, துணி சுற்றிய பிணங்களின் படம் போட்ட தடித்த புத்தகங்களைத் தூக்கி வருவார். அவற்றில் பிடித்த பக்கங்களைப் படம் எடுத்து ஃபைலுக்குள் போடுவார். எகிப்து அலுத்தால் பாபிலோன், பாபிலோன் அலுத்தால் கிரேக்கம். எந்த நாட்டு வைத்தியமானாலும் அந்த நாடு அழிந்து இரண்டாயிரம் வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அவருக்கு நம்பிக்கை வராது.

எங்கள் கோயிலில் மற்றவர்கள் சந்தித்தால் "சுகமோ?" என்று கேட்பார்கள். இவர், "நாக்கை நீட்டுங்கோ" என்பார். மனிதர் எல்லாரையும் கிரேக்கர் நாலு நீராகப் பிரித்து வைத்தார்களாம். இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கறுத்தப் பித்தம். அன்னதானப் பந்தியில் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, கறிவாளியோடு வருகிறவர்களை அவர் அப்படியே பிரிப்பார். கறி பரிமாறுகிற தமயந்தி கறுத்தப் பித்தம். ஐயர் சளி. நான் இரத்தம். எனக்குப் பிரஷர் இருக்கிறது என்று தெரிந்த அன்று கிட்டத்தட்ட வாழ்த்தே சொன்னார்.

"நான் அப்பவே சொன்னன், தங்கச்சி. இரத்தம் கூடிப்போச்சு. கிரேக்கர் எண்டால் கையில கீறி ஒரு கிண்ணம் இறக்கியிருப்பினம். குளிசை ஏன் போடுறியள்?"

"என்ர இரத்தம் என்னோடயே இருக்கட்டும், அண்ணை."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடக்கவில்லை, இடம்பெயர்ந்த சனம்தான் இருந்தது. ஆகவே பாபிலோன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. காலையில் திருநீறு பூசுகிறேன், கந்தனை நினைக்கிறேன், பிறகு டொக்டர் தந்த பிரஷர் குளிசையை விழுங்குகிறேன். கடவுள் இரண்டு கையாலும் தருகிறார். ஒரு கையைத் தட்டிவிட்டு மற்றதை மட்டும் பிடித்துக்கொள்வதை நான் பக்தி என்று எண்ணவில்லை. ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"அண்ணை, அந்த மருந்தையெல்லாம் குடிச்ச ராசாக்கள் இப்ப எங்க?"

"மியூசியத்தில," என்றார், பெருமையோடு.

அவருடைய ஃபைலில் முதல் தாளில் இருப்பது எகிப்து வைத்தியனின் மூன்று வாக்கு. அந்த வைத்தியன் நோயாளியைத் தொட்டு, என்ன நோய், என்ன வருத்தம் என்று பார்த்துவிட்டு மூன்றில் ஒன்றைத்தான் சொல்வானாம். இது நான் மாற்றுகிற வருத்தம். இது நான் மல்லுக்கட்டுகிற வருத்தம். இது நான் தொடக்கூடாத வருத்தம். இதைச் சொல்லும்போது இராசநாயகம் அண்ணைக்குக் குரல் தழுதழுக்கும்.

"எவ்வளவு நேர்மை பாருங்கோ! இங்க டொக்டரிட்டப் போனால், 'பொறுத்திருந்து பாப்பம்' எண்டுறான். அதென்ன, பஸ்சுக்கோ நிக்கிறம்?"

நேர்மைக்கு நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூன்றில் இரண்டாவதும் மூன்றாவதும் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. இருமல், மூட்டுநோ, மயிர் கொட்டுவது, மகனுக்கு விசா வராத கவலை, எதைச் சொன்னாலும் கண்ணை மூடி, விரலை உயர்த்தி, "இது நான் மாத்துற வருத்தம்" என்பார். மாறியதா என்று அடுத்த கிழமை கேட்கமாட்டார். அடுத்த கிழமைக்குள் அவர் பாபிலோனுக்குப் போயிருப்பார்.

எல்லர்ஸ்லியில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற வரதராஜன் ஒருமுறை வீங்கிய கன்னத்தோடு கோயிலுக்கு வந்தான். திருச்சிப் பையன். பல்வலி என்று வாய் திறந்து சொல்வதற்குள் ஃபைல் திறந்துவிட்டது. பல்லுக்குள் ஒரு புழு இருப்பதாகப் பாபிலோன்காரர் கண்டுபிடித்திருக்கிறார்களாம். அதைத் திட்டி ஒரு மந்திரம் உண்டாம். எகிப்தில் என்றால் மந்திரம்கூட வேண்டாம். எலியை இரண்டாகப் பிளந்து, சூடு ஆறுமுன் பல்லில் வைக்க வேண்டுமாம்.

வரதராஜன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "சார், டென்டிஸ்ட் என் சம்பளத்தைத்தான் புடுங்குறான். எலியக் கவ்வச் சொல்லல. அதுவரைக்கும் அவன் நல்லவன் சார்."

"சிரியுங்கோ தம்பி. நாலாயிரம் வருசம்!"

"ஆமா சார். நாலாயிரம் வருஷமா அந்த எலி அழுவுது."

பாயில் இருந்தவர்கள் சாம்பார் புரையேறச் சிரித்தார்கள். இராசநாயகம் அண்ணை சிரிக்கவில்லை. நோய் கண்டு இரங்கும் வைத்தியனின் பார்வையால் வரதராஜனைப் பார்த்து, "மஞ்சள் பித்தம்" என்று மட்டும் சொன்னார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் அவருக்குப் பதினொரு வருடமாகச் சீனி வருத்தம். மகள் கஜந்தினி ஹமில்ட்டனில் மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்ட். மாதம் ஒருமுறை காரில் வந்து, தகப்பனுக்குக் காலை மாலை என்று பிரித்த குளிசைப் பெட்டியையும், விரலில் குத்திச் சீனி பார்க்கும் மெஷினையும் வைத்துவிட்டுப் போவாள். மகள் படித்துப் பட்டம் வாங்கி மருந்து கொடுக்கிறாள். தகப்பன் யாரிடம் ஆலோசனை கேட்டார் தெரியுமா? எறும்பிடம்.

கடந்த ஆனி மாதம் அது. நான் அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறேன். சதுர்த்திப் பிரசாதம் கொடுக்கப் போனேன். அவருடைய மனைவி ரதிதேவி அக்கா கதவைத் திறந்து, பின்பக்கத்தைக் கையால் காட்டினார். ஃபீஜோவா மரத்தடியில், குளிருக்கு இரண்டு சுவெட்டர் போட்டு, தலைக்குக் கம்பளித் தொப்பி மாட்டி, இராசநாயகம் அண்ணை குந்தியிருந்தார். கையில் பூதக்கண்ணாடி. முன்னால் ஈரமாக ஒரு திட்டு. பக்கத்தில் வெறும் ஐஸ்கிரீம் பேணி.

"கிட்ட வராதேங்கோ, தங்கச்சி. சோதனை நடக்குது."

என்ன சோதனை என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. எங்கள் பழைய வைத்தியர்கள் மெஷின் இல்லாமலே சீனி வருத்தத்தைக் கண்டுபிடித்தார்களாம். நோயாளியின் சிறுநீரை நிலத்தில் விடுவார்களாம். எறும்பு மொய்த்தால் சீனி இருக்கிறது, மொய்க்காவிட்டால் இல்லை. அதை இவர் பத்து நாளாகச் செய்துவருகிறார். பத்து நாளாக ஒரு எறும்பும் வரவில்லை.

"ஒண்டுகூட இல்லை, தங்கச்சி! எனக்குச் சீனி மாறி எவ்வளவு காலமோ தெரியாது. நான் மடையன் மாதிரிக் குளிசை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறன்."

பின்னால் நின்ற ரதிதேவி அக்கா வாயைத் திறந்தார். "குளிசையை விட்டுப் பத்து நாள். மகளுக்குச் சொல்லக்கூடாதாம். மெஷினைக் கொண்டுபோய் அலுமாரிக்கு மேல வைச்சிட்டார். எனக்கு எட்டாது. முற்றத்தில எறும்புக்கு விருந்து வைக்கிறார், அதுகளுக்கும் வெக்கம், ஒண்டும் வருதில்லை."

நான் நிலத்தைப் பார்த்தேன். காலையில் விழுந்த உறைபனி வேலியோரம் இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. என் கால்விரல் சப்பாத்துக்குள் விறைத்தது. அந்த முற்றத்தில் எறும்பு மட்டுமா இல்லை? புழு இல்லை, பூச்சி இல்லை, பக்கத்து வீட்டுப் பூனைகூட வெளியே வரவில்லை.

"அண்ணை, இந்தக் குளிருக்கு எறும்பு எப்படி வரும்?"

"உண்மையான சீனிக்கு எறும்பு வரும்."

குசினிக்குப் போய் ஒரு கரண்டி சீனி எடுத்து வந்து, அந்த ஈரத்திட்டுக்குப் பக்கத்தில் கொட்டினேன். "நாளைக்குப் பாப்பம்," என்றேன். மறுநாள் போனேன். பனியில் நனைந்து சீனி பாதி கரைந்திருந்தது. ஒரு எறும்பும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தலையைச் சொறிந்திருப்பார்கள். இவர் பூதக்கண்ணாடியால் என் சீனியை நன்றாகப் பார்த்தார். பிறகு ஃபைலுக்குள் எதையோ எழுதினார்.

"கடைச்சீனி, தங்கச்சி. வெள்ளையாக்கிறதுக்கு மருந்து போட்டது. எறும்புக்கு அது தெரியும். அறிவான பிராணி."

முற்றத்தில் நின்ற மூவரில் யார் அறிவான பிராணி என்று நான் கேட்கவில்லை. பிரசாதத் தட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கேட்டிருக்கவேண்டும். அன்றே ஹமில்ட்டனுக்குப் போன் எடுத்திருக்கவும் வேண்டும். "மகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அவளுக்கு வேலைக் கரைச்சல்" என்று அவர் கேட்டுக்கொண்டார். நானும் தலையாட்டினேன். அவரைப் பார்த்துச் சிரிக்கிறேனே, அந்தத் தலையாட்டலுக்கு என்னைப் பார்த்து யார் சிரிப்பது?

ஆடிப்பூரத்தன்று அம்மனைத் தேரில் வைத்து, கோயில் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி இழுத்தோம். சரளைக்கல் போட்ட இடம். வயதானவர்கள் காலுறை போட்டுக்கொள்ளலாம் என்று ஐயரே ஒலிபெருக்கியில் சொன்னார். இராசநாயகம் அண்ணை வெறுங்காலோடு மூன்று சுற்று வந்தார். இளைஞர்கள் ஆ, ஊ என்று குதித்துக் குதித்து நடந்தபோது, அவர் கம்பளத்தில் நடப்பதுபோல நடந்தார்.

"ஒரு நோவும் இல்லை!" என்று எல்லாருக்கும் சொன்னார். "குளிசையை விட்டாப்பிறகு உடம்பு இருபது வயசுக்குப் போட்டுது."

மறுநாள் ரதிதேவி அக்கா வீட்டுக் கம்பளத்தில் பொட்டுப் பொட்டாகச் சிவப்பைக் கண்டிருக்கிறார். சாமித்தட்டிலிருந்து குங்குமம் சிந்திவிட்டது என்று நினைத்து, கும்பிட்டுத் துடைத்திருக்கிறார். அடுத்த நாளும் குங்குமம். மூன்றாம் நாள்தான் அது கட்டிலிலிருந்து குளியலறை வரை போவதைக் கவனித்தார். பெருவிரலுக்குக் கீழே, கூரான கல் ஒன்று உள்ளே போய் அப்படியே இருந்தது. மூன்று நாள் அந்தக் கல்லோடு மனிதர் நடந்திருக்கிறார்.

கல்லை இழுத்து எடுத்துவிட்டு அவர் ஃபைலைத் திறந்தார். எகிப்தியர் காயத்துக்குத் தேனும் கொழுப்பும் பஞ்சும் வைத்துக் கட்டினார்களாம். சூப்பர்மார்க்கெட்டில் பிதுக்குப் போத்தலில் விற்கும் தேன். கொழுப்புக்கு, விளக்கேற்ற வாங்கிவைத்த நெய். பஞ்சுக்குத் திரிப்பஞ்சு. மூன்றில் இரண்டு சாமிக்கு வாங்கியவை. எல்லாவற்றையும் காலுக்குக் கட்டி, மேலே காலுறையை இழுத்துவிட்டு, "இது நான் மாத்துற வருத்தம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார்.

மூன்று வெள்ளிக்கிழமை போனது. அந்த மூன்றாம் வெள்ளி மழை. வழக்கம்போல அவர் சப்பாத்துகளை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கறிவாளி எடுக்க அந்தப் பக்கம் போனேன். நாற்பது சோடி நனைந்த சப்பாத்தின் மணம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. சாம்பிராணியையும் தள்ளிக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தால், அவருடைய இடதுகால் காலுறை விரல் பக்கம் ஈரமாகக் கறுத்திருந்தது. நடந்த இடமெல்லாம் தரையில் அரைப்பாதம் பதிந்திருந்தது.

"அண்ணை, காலைக் காட்டுங்கோ."

"அது மாறிக்கொண்டு வருது."

"மணக்குது, அண்ணை."

"மணக்கத்தான் வேணும். கெட்டது வெளியில வருது. நோவு இருக்கோ எண்டு கேளுங்கோ. இல்லை! துண்டறவே நோகேல்லை. தேன் நோவைக் குடிச்சிட்டுது."

அதற்குள் வரதராஜன் பின்னால் வந்து நின்றான். அவன் வாயில் அன்று பகிடி வரவில்லை. காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அக்கா, சாவி எங்கிட்ட இருக்கு. வண்டிய எடுக்குறேன்" என்றான். இராசநாயகம் அண்ணை பூசை முடியட்டும் என்றார். "அம்மன் எங்கயும் போகமாட்டா, எழும்புங்கோ" என்று நான் சத்தம் போட்டேன். கோயிலுக்குள் நான் சத்தம் போட்டது அதுதான் முதல்தடவை. அம்மன் மன்னித்திருப்பாள்.

ரதிதேவி அக்காவையும் ஏற்றிக்கொண்டு, மாலையிலும் திறந்திருக்கும் ஒரு கிளினிக்குக்குப் போனோம். நர்ஸ் ஒரு சமோவாப் பெண். பெரிய உடம்பு, பூவைத் தொடுவதுபோன்ற கை. கட்டை அவிழ்த்துக் கழுவினாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பிறகு நைலோன் இழை பூட்டிய ஒரு சிறு குச்சியை எடுத்தாள். "கண்ணை மூடுங்கள். உங்கள் பாதத்தில் தொடுவேன். தொட்டது தெரிந்தால் ஆம் என்று சொல்லுங்கள்" என்று இங்கிலீஷில் சொன்னாள். அவர் கண்ணை மூடினார். அவள் குதிகாலில் தொட்டாள். பாதத்தின் நடுவில் தொட்டாள். ஒவ்வொரு விரலாகத் தொட்டாள், இழை வளையும்வரை அழுத்தினாள். பிறகு மற்றக் காலிலும் தொட்டாள். நானும் ரதிதேவி அக்காவும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் பரீட்சை எழுதுகிற பிள்ளை போல முகத்தை இறுக்கிக்கொண்டு, அடிக்கடி தலையைச் சரித்து, காத்திருந்தார்.

கொஞ்சநேரத்தில் கண்ணை மூடியபடியே என்னிடம் கேட்டார்.

"தங்கச்சி, இவ எப்ப தொடங்குவா?"

ரதிதேவி அக்கா சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டார். நர்ஸ் குச்சியை மேசையில் வைத்துவிட்டு, "முடிந்துவிட்டது, அங்கிள்" என்றாள். வருடக்கணக்காகச் சீனி வருத்தம் தின்று கால் நரம்பு செத்துப்போயிருக்கிறது. இருபது வயது திரும்பி வந்தது என்று மூன்று சுற்றுச் சுற்றினாரே, அது வந்ததல்ல, போனது.

ஆனால் பாருங்கள், அந்த நேரத்திலும் அவருக்கு ஒரு வெற்றி கிடைத்தது. நர்ஸ் காயத்துக்குப் போடுவதற்குப் பொட்டலம் ஒன்றைக் கிழித்தாள். அதன்மேல் தேன்கூட்டுப் படம். இந்த நாட்டில் மானுக்காத் தேனைத் துணியில் தடவிக் காயத்துக்கு வைக்கிறார்கள். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"தேன்! பாத்தியளே? நான் என்ன சொன்னன்? எகிப்து!"

அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். இது கிருமி இல்லாமல் சுத்தம் செய்த தேன், முதலில் காயத்தைக் கழுவ வேண்டும், சீனியைக் குளிசையால் அடக்க வேண்டும், உங்கள் காயம் எலும்புவரை போய்விட்டது, இது தேனுக்கு மிஞ்சியது, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவ்வளவு சொன்னாள். இவர் காதில் தேன் மட்டும் விழுந்தது. காரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க வரதராஜனுக்குத் தேன் வகுப்பு நடந்தது. அவன் ஒவ்வொரு சிக்னலிலும் "சரி சார், சரி சார்" என்றான்.

ஆஸ்பத்திரியில் பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுக்க வேண்டும் என்றார்கள். இன்று எடுத்தால் இரண்டு விரல், பொறுத்தால் பாதம், இன்னும் பொறுத்தால் முழங்காலுக்குக் கீழே. கையெழுத்து மட்டும் வேண்டும். அவர் மாட்டேன் என்றார். ஒரு பகலும் ஓர் இரவும் மாட்டேன் என்றார். தேனை மாற்றிப் போட்டால் போதும், ஒரு கிழமை தாருங்கள் என்றார். சத்திரசிகிச்சை டொக்டர் இளம்பிள்ளை. அவனிடம் மூன்று வாக்கையும் சொல்லி, இதில் உன்னுடைய வாக்கு எது என்று கேட்டாராம். அந்தப் பிள்ளை, "எனக்கு உங்கள் கையெழுத்துத்தான் வேண்டும்" என்றதாம்.

ஹமில்ட்டனிலிருந்து கஜந்தினி வந்தாள். கட்டிலடியில் நின்று கெஞ்சினாள். "அப்பா, ப்ளீஸ். ஜஸ்ட் சைன். காலே போயிடும் அப்பா." ரதிதேவி அக்கா அழுதார். நான் திருநீறு பூசிவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னேன். "அண்ணை, எகிப்து ராசாவோ வந்து உங்களைத் தூக்கிக்கொண்டு திரியப்போறான்? இந்தப் பிள்ளையும் இந்த மனுசியும்தான்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கஜந்தினி வெளியே நடைபாதையில் போய் நெடுநேரம் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். அப்பனோடு சண்டை பிடித்துக் களைத்து, முகம் பார்க்காமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்து, போனைத் தகப்பனின் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"என்ன இது?"

"பெருவிரல். மரத்தில செய்தது. எகிப்து. ஒரு மம்மியிட காலில இருந்தது. மூவாயிரம் வருசம்." தமிழும் இங்கிலீஷுமாக, மூச்சு வாங்கச் சொன்னாள். "அவைக்கும் வெட்டினவை அப்பா. வெட்டி, மாறி, அந்தப் பொம்பிளை அதைப் போட்டு நடந்திருக்கிறா. பாருங்கோ, தேஞ்சிருக்கு."

அவர் கண்ணாடியைக் கேட்டார். நூல் கட்டிய காதை மாட்டினார். படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். தோல்வாரைப் பார்த்தார், கட்டும் துளையைப் பார்த்தார், அந்த மர விரலுக்கு நகம்கூடச் செதுக்கியிருந்ததைப் பார்த்தார்.

"நல்ல வேலை," என்றார். பிறகு, "பேனையைத் தா" என்றார்.

பெற்ற மகள் அழுது கேட்காதவர், மூவாயிரம் வருடத்துக்கு முன் செத்த ஒருத்தியின் மரவிரல் சொன்னதைக் கேட்டார். இந்த மனிதரை நான் என்ன சொல்ல? கந்தா, நீயே சொல்.

இரண்டு விரலோடு தப்பினார். பாதம் நின்றது. இப்போது குளிசையைக் கஜந்தினி கண்முன்னால் விழுங்க வேண்டும் என்று சட்டம். அதற்காகவே ஹென்டர்சன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, புரட்டாதிக் கடைசியில் இருவரும் மகளோடு ஹமில்ட்டனுக்குப் போனார்கள்.

போகிற அன்று இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போனேன். அவர் பின்முற்றத்தில் ஊன்றுகோலோடு நின்றார். இடதுகாலில் ஆஸ்பத்திரி கொடுத்த, பெட்டி போன்ற சப்பாத்து. குளிர் விட்டு ஒரு கிழமை ஆகியிருந்தது. ஃபீஜோவா மரத்தடியில் அந்தப் பழைய திட்டைச் சுற்றி, வேலியிலிருந்து கராஜ் வரை, எறும்பு கறுப்புக் கயிறுபோலப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இப்போதாவது ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

"வெயில் வந்திட்டுது," என்றார். அவ்வளவுதான். அவ்வளவுக்குமேல் அந்த மனிதரிடம் எதிர்பார்த்தது என் பிழை.

காரில் ஏற்றினோம். பெட்டிகள், நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய புத்தகங்கள், மடியில் நீல ஃபைல். ரதிதேவி அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். கஜந்தினி வண்டியை உறுமவிட்டாள். நான் ஜன்னலோரம் போய், "சுகமாப் போட்டு வாங்கோ, அண்ணை" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண் கீழே போயிருந்தது. நான் வேலைக்குப் போகும் வழியில் வந்தவள். அதே கறுப்புச் சப்பாத்து. வலதுகால் அடி திரும்ப வாய் பிளந்திருந்ததை நானே அதுவரை கவனிக்கவில்லை.

"பிள்ளை, காரை நிப்பாட்டு," என்றார் மகளிடம். காலடியில் கிடந்த பையைத் துழாவி, நசுங்கிய பசைக்குழாய் ஒன்றை எடுத்தார். கண்ணை மூடினார். விரலை உயர்த்தினார். பிறகு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார்.

"கழட்டித் தாங்கோ, தங்கச்சி. இது நான் மாத்துற வருத்தம்."